கொழுக்கட்டையின் வால்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனபோது வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? இத்தனை வருடமாக ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், சொந்தப் பெட்டியின் படத்தை விடுவேனா? பேரீச்சம்பழ டப்பா, ஓமான் அல்வா, ரப்பர் செருப்பு, நடுவில் உருண்டையாக ஒரு சாமான். படம் நல்ல தெளிவு.

அந்த உருண்டையைத்தான் அதிகாரி பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மிக்ஸியா?"

"கேமரா சார்."

"லென்ஸ் எங்க?"

"அது எலவனாசூர்கோட்டையில ஒரு வீட்டுப் பரண்ல இருக்கு."

அவர் என்னை ஒரு தடவையும் பெட்டியை ஒரு தடவையும் பார்த்தார். காலை ஐந்து மணிக்கு இதற்கு மேல் கேட்டால் தனக்குத்தான் தலைவலி என்று தோன்றியிருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

நான் விஜயா. பிறந்தது களமருதூர், வீட்டில் எல்லாரும் நெல் போட்டவர்கள், இன்னும் போடுகிறவர்கள். நான் மட்டும் எக்ஸ்ரே படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மஸ்கட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்தவள் பிலோமினா அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

அப்போதெல்லாம் எக்ஸ்ரே என்றால் பிலிம்தான். இருட்டறைக்குள் சிவப்பு பல்பு மட்டும் எரியும். மருந்துத் தொட்டியில் பிலிமை முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட பல்புக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். புளித்த வாடை சேலையிலேயே குடியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். எனக்கு அந்த வாடை இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. மஸ்கட்டில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, வாடையே இல்லாத வேலை.

அக்காவிடம் ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கேட்பாள்: "மார்க்கர் வெச்சியாடி?" மார்க்கர் என்பது ஈயத்தில் செய்த எழுத்து. வலப்பக்கத்துக்கு ‘ஆர்’, இடப்பக்கத்துக்கு ‘எல்’. அதை ஓரத்தில் வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிமைத் திருப்பிப் பிடித்தாலும் நேராகப் பிடித்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். வலக்கால் இடக்கால் ஆகிவிடும். நான் சாப்பிட உட்கார்ந்தால்கூட "மார்க்கர் வெச்சிட்டுத்தான வந்த?" என்பாள். சோறு இறங்காது.

வானத்துப் பைத்தியமும் அங்கே பிடித்ததுதான். ஒரு வால்நட்சத்திரம் வந்த வருடம் மொட்டை மாடியில் கடன் வாங்கிய கேமராவை வைத்துப் படம் எடுத்து, அதே இருட்டறையில் கழுவினோம். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு சீட்டுப் பணத்தில் ஒரு டெலஸ்கோப், அப்புறம் வானத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு தாங்கி. இருவரும் மெனக்கெட்டுத் தேடுவது கேலக்ஸிகளை. கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம் அது, ஆனால் அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் விரல் பட்ட கறை மாதிரித்தான் தெரியும். எக்ஸ்ரேயில் மங்கல் நிழலைத் தேடிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிய வேலையில்லை.

எங்களுடைய கேலக்ஸி சிம்ம ராசியில் இருக்கிறது. பட்டியலில் அதற்கு வெறும் எண்தான். நாங்கள் வைத்த பெயர் கொழுக்கட்டை. பக்கவாட்டில் பார்க்க அப்படியே கொழுக்கட்டை. நடுவில் பூரணம் கசிந்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. என்றைக்கோ பக்கத்துக் கேலக்ஸி ஒன்று உரசிப்போனதில் நட்சத்திரங்கள் இழுபட்டு, கொழுக்கட்டைக்கு நீளமாக ஒரு வால் உண்டு. ரொம்ப மங்கல். அந்த வாலைப் பிடிக்கத்தான் வருடா வருடம் விடுமுறையைப் போட்டு ஓடி வருகிறேன். எடுத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தோம். வால் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். "எடப்பக்கம் போவுதுடி, நல்லாப் பாரு" என்பாள் அக்கா. "அது வெறும் இரைச்சல்க்கா" என்பேன் நான். கேமராவே கிளப்பிவிடுகிற புள்ளிப் புழுதிக்குத்தான் இரைச்சல் என்று பெயர்.

இந்தத் தடவை அக்கா போனில் பேசிய விதம்தான் வேறு. "இந்த வருசம் முடிச்சிடணும் விஜி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாத." ஏன் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு என்ன பால்?

எலவனாசூர்கோட்டையில் இறங்கியபோது அக்காவின் வீட்டுக்காரர் அருளப்பன் மாமா பைக்கோடு நின்றிருந்தார். கரும்பும் நெல்லும் போடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். "இன்னாம்மா, இந்த தபா எத்தினி டப்பா கொண்டாந்த?" என்று கேட்டு, பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டார். போகும் வழியில் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் அக்கா வீட்டில் கறி கிடையாது. கத்தரிக்காய்க் காரக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய் ஊறுகாய். மஸ்கட்டில் எனக்கு மீனும் உண்டு, ஆட்டிறைச்சியும் உண்டு. இந்தக் காரக்குழம்பு மட்டும் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. மூன்றாம் தடவை சோறு கேட்டேன். அக்கா பரிமாறினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசும்போதெல்லாம் எனக்குப் பக்கத்திலிருந்த தூணோடு பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். சரி, பெரிய கோபம்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் மலைக்குக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். டெலஸ்கோப்பைப் பழைய கம்பளியில் சுற்றிச் சாக்கில் போட்டு அக்கா மடியில் வைத்திருந்தாள். தாங்கி என் தலையில். கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் போண்டா வாங்கப் போன நேரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. "இதான்டி, ஏறு ஏறு!" என்று கத்தினாள். "போர்டு பாத்தியாக்கா?" என்றேன். "தெரியுதுடி, ஏறு." ஊர்க்காரி சொல்கிறாள், நான் போர்டைப் பார்ப்பானேன்? ஏறிவிட்டேன். போண்டா எண்ணெயில் குளித்திருந்தாலும் ருசியாக இருந்தது.

கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மருந்தடிக்கிற மிஷினா?"

"ஆமாங்க," என்றாள் அக்கா. உண்மையைச் சொன்னால் பஸ் முழுக்க வகுப்பெடுக்க வேண்டும்.

"மருந்து கிருந்து உள்ள இருக்குதா? மனுசங்க குந்திக்கினு வர்ற எடம்."

"காலி மிஷினுங்க. லக்கேஜ் இன்னா, ஜாஸ்தி போடாதீங்க."

பாதி வழி வந்த பிறகுதான், ஜன்னலுக்கு வெளியே மலை வரவேண்டிய பக்கம் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. கண்டக்டரிடம் கேட்டேன். "கச்சிராயபாளையமா? இது சின்னசேலம் போற வண்டிம்மா. முன்னாடி கொட்டை எழுத்துல எழுதிக்கினு இருக்குதே, படிக்கத் தெரியாதா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முப்பது வருடம் வேலை பார்த்த இரண்டு பெண்களுக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டார். இறக்கிவிட்ட இடத்தில் ஒரு புளியமரமும் ஒரு மூடிய டீக்கடையும்தான். எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? தெரியுது தெரியுதுன்னு சொன்னியே!" என்று ரோட்டிலேயே கத்தினேன்.

அக்கா சாக்கைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், லென்ஸ் ஆயிற்றே.

"தெரியல விஜி," என்றாள். "ஆறு மாசமா நடுவுல இன்னாவோ அழிரப்பர் வெச்சித் தேச்ச மாதிரி இருக்குது. உன்னப் பாத்தா மூஞ்சி இருக்க மாட்டேங்குது, காது ரெண்டும் தெரியுது. போர்டப் பாத்தா போர்டு இல்ல, பஸ் மட்டும் இருக்குது."

விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். புதுச்சேரியில் காட்டியிருக்கிறாள். ஊசி போட்டால் தேய்வது கொஞ்சம் மெதுவாகும், போனது திரும்பாது. எழுத்து, முகம், ஊசி நூல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? அங்க குந்திக்கினு அழுவ. அழுதுக்கினே எவன் காலையாவது படம் எடுப்ப. மார்க்கர் வெக்க மறந்துடுவ." பிறகு, எனக்குப் பக்கத்திலிருந்த புளியமரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த வால ஒரு தபா பாத்துடணும்டி. அவ்ளோதான். அதுக்குதான் உன்ன வரச் சொன்னேன்."

தூணோடு பேசியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்க்கத்தான் அவள் என்னைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் புளியமரத்தடியில் நின்று அழுது தீர்த்தேன். வழியில் போன ஆட்டுக்காரர், "பஸ்ஸு வரும்மா, அழாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் வந்தது. கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தபோது மலை பஸ் போய்விட்டிருந்தது. மேலே போகிற ஒரு லோடு வண்டிக்காரரிடம் கெஞ்சி இடம் பிடித்தோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரப் போகிற காலி வண்டி. முன்னால் அக்கா, அவள் மடியில் டெலஸ்கோப், ஜன்னலோரம் நான், என் மடியில் தாங்கி. கோமுகி அணையில் தண்ணீர் பாதிதான் இருந்தது. மஸ்கட்டிலும் மலை உண்டு, ஆனால் அங்கே மலை என்றால் வெறும் கல். இங்கே ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாசனை அடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ஓடை வரும்," "இப்ப பலாமரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றும் தப்பவில்லை. எனக்கு அது பெருமையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

வெள்ளிமலை தாண்டி, சின்னப்பொண்ணு வீட்டுக் களம்தான் எங்களுக்கு வழக்கமான இடம். மலையில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் வந்தால் வீட்டு பல்பை அணைத்துவிடுவாள், தெருவிளக்கின் மேல் சாக்கு கட்டிவிடுவாள். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்திருந்தாள். அக்கா தவக்காலம் என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டாள். "ஐயோ, இது தெரியாம அடிச்சிட்டனே," என்று சின்னப்பொண்ணு வருத்தப்பட்டாள். அவள் வருத்தத்தைப் போக்க இரண்டு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா தாங்கியின் திருகுகளைக் கையால் தடவித் தடவியே பூட்டினாள். டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்தாள். நான் கேமராவை மாட்டினேன். மற்றதெல்லாம் இயந்திரம் செய்கிற வேலை. நாங்கள் கம்பளிக்குள் உட்கார்ந்து பழைய டாக்டர்களை வைதுகொண்டிருந்தோம். சிம்மம் தலைக்கு மேல் வந்தபோது, "தெரியுதாக்கா?" என்று கேட்டேன். "தெரியுதுடி," என்றாள். அந்தச் சொல்லை நான் நம்புவதை அன்று காலையே விட்டுவிட்டேன்.

விடியலில் ஒரு வேலை பாக்கி. டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, வெளுக்கிற வானத்தை நோக்கி வைத்துச் சில படங்கள் எடுக்க வேண்டும். அந்தப் படங்களில் லென்ஸ் தூசியும் ஓரத்து மங்கலும் மட்டும் பதியும். பிறகு கணக்குப் போட்டு அவற்றை நல்ல படத்திலிருந்து எடுத்துவிடலாம். எங்கள் துணி எப்போதும் மாமாவின் வேட்டிதான். அக்கா பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். கட்டி, எடுத்து, சின்னப்பொண்ணு கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு இறங்கினோம்.

அடுத்த இரண்டு நாளும் எலவனாசூர்கோட்டை வீட்டுக் கூடத்தில் கழிந்தன. இந்த வேலையில் படம் எடுப்பது கொஞ்சம், எடுத்த பிறகு உட்கார்ந்து தேய்ப்பதுதான் நிறைய. ஒரு படத்தில் கொழுக்கட்டையே சரியாகத் தெரியாது, இரைச்சல்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கினால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், வெளிச்சம் மட்டும் சேரும். அதன் பிறகும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்புக்கும் சற்றே குறைந்த கறுப்புக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் ஒன்று இருக்குமே, அதைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். எங்கள் பாஷையில் ‘இழுப்பது’.

எங்கள் சண்டையெல்லாம் இந்த இழுப்பில்தான். அக்காவுக்கு எவ்வளவு இழுத்தாலும் போதாது. "இன்னும் இழுடி" என்பாள். நான் கஞ்சம். மேலே இழுத்தால் புழுதி கிளம்பும், நட்சத்திரம் அப்பளம் மாதிரி உப்பும் என்பேன். இணையத்தில் எங்களைப் போன்ற ஆட்கள் கூடுகிற மன்றத்தில் என் கஞ்சத்தனத்துக்கு நல்ல பெயர். அக்கா ஒருமுறை சொன்னாள்: "நீ வெக்கிற கொழம்புல உப்பே இருக்காது, ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது."

முதல் நாள் அடுக்கி முடித்ததும் படம் மஞ்சளாக வந்தது. மஞ்சள் காமாலை வந்த மாதிரி. கேமராவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பாதி நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது.

"அக்கா, வேட்டிக்கு நீலம் போட்டியா?"

"பின்ன? திருநாளுக்குக் கட்டுற வேட்டிடி. பளபளன்னு இருக்கட்டும்னு நாலு சொட்டு ஜாஸ்தியாவே வுட்டேன்."

துணி நீலம், அதனால் கணக்கு நீலத்தைக் குற்றம் என்று நினைத்து எடுத்துவிட்டது, மிச்சம் மஞ்சள். மாமா சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. நல்லவேளை, கேமராவைக் கழற்றாமல்தான் கொண்டுவந்திருந்தோம். நீலம் காணாத ஒரு பழைய தலையணை உறையைக் கட்டி, மறுநாள் விடியலில் வாசலிலேயே மறுபடி எடுத்தேன். மஞ்சள் போயிற்று.

பழைய வருடங்களின் படங்களோடு புதியதையும் சேர்த்து அடுக்கினேன். மடிக்கணினியில் புதிதாகப் போட்டிருந்த மென்பொருள் படத்தைத் தலைகீழாகத் திறந்தது. சுற்றி நிமிர்த்தினேன். அக்கா மடிக்கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிதா?"

"இதோ, இதுதான்க்கா."

அவள் முகத்தைத் திரைக்கு நேரே வைத்துக்கொண்டு, "ஆங், தெரியுதுடி! வாலு எம்மாம் அழகா வந்திருக்குது!" என்றாள்.

நான் இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கவில்லை. திரை வெறும் கறுப்பு.

எழுந்து தோட்டத்துக்குப் போனேன். கொய்யா மரத்தடியில் நின்று ஒரு காயைப் பறித்துக் கடித்தேன், துவர்த்தது. எனக்காகப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறாள். நான் இத்தனை தூரம் வந்தது வீணாகிவிடக் கூடாது என்று சொல்கிறாள். இப்படியே விட்டால் ‘பாத்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே பார்க்காமல் இருந்துவிடுவாள். மாமா பின்னாலேயே வந்தார்.

"அவ அப்பிடித்தாம்மா. நான் புதுச் சட்டை போட்டுக்கினு நின்னா, சூப்பரா இருக்குதுன்றா. இன்னா கலருன்னு கேட்டா அடுப்பப் பாக்கப் பூடுறா." கொய்யா மரத்தில் ஒரு காய்ந்த குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு, "ஆனா ஒண்ணு," என்றார். "கோயில்ல வெள்ளிக்கெழம சிலுவைப்பாதைக்குப் பாட்டு வரியப் பெருசா செவுத்துல வுடுவாங்க, புரொஜெக்டர் வெச்சி. அத மட்டும் படிச்சிப் பாடுறா. மூஞ்சியத் திருப்பி வெச்சிக்கினு, ஓரமாப் பாத்துக்கினு."

கொய்யாக் காயைத் தூக்கிப் போட்டேன். ஓரமாக! நாங்கள் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்த காலத்தில் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கண்ணின் நடுப்பகுதிக்கு இருட்டில் பலமில்லை. பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஓரத்தில் வந்து நிற்கும். "நேராப் பாக்காதடி, ஓரக்கண்ணால பாரு, மாப்பிள்ளையப் பாக்குற மாதிரி," என்று இருட்டு மாடியில் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஓரம் அவளிடம் இன்னும் இருக்கிறது. என் கஞ்சப் படத்தைத்தான் அதற்குக் காட்டக் கூடாது.

மாமா பங்குத்தந்தையிடம் பேசி, வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லிப் புரொஜெக்டரைக் கொண்டுவந்தார். கூடத்தின் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டினோம். பட்டப்பகலில் இருட்டறை. சுவர் பச்சை நிறம், அதனால் குறுக்கே கொடி கட்டி, அந்த நீலம் போட்ட வேட்டியையே விரித்துத் தொங்கவிட்டோம். திரைக்கு அதைவிட வெளுப்பான துணி அந்த ஊரில் இருந்திருக்காது.

பிறகு உட்கார்ந்து இழுத்தேன். வாழ்க்கையில் அப்படி இழுத்ததில்லை. வால் வந்தது. நிஜமாகவே வந்தது, இரைச்சல் இல்லை, இத்தனை வருடம் அக்கா சொன்னதுதான் சரி. அங்கே நிறுத்தியிருந்தால் மன்றத்தில் மாலை போட்டிருப்பார்கள். நிறுத்தவில்லை. புழுதி கிளம்பியது, இழுத்தேன். நட்சத்திரங்கள் அப்பளமாயின, இழுத்தேன். கொழுக்கட்டை வெந்து வெடித்து வெள்ளையாகிவிட்டது. கறுப்பு வானம் சாம்பல் ஆனது, அதில் வால் சுண்ணாம்புக் கோடு மாதிரி நின்றது. யாரிடமும் காட்ட முடியாத அசிங்கமான படம். அதை வேட்டி முழுக்க விட்டேன்.

"அக்கா, வா."

அக்கா வந்து நின்றாள். முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள். புரொஜெக்டர் விசிறி மட்டும் இரைந்தது. ‘தெரியுதுடி’ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக அவள் அதைச் சொல்லவில்லை.

"அக்கா, வேணும்னா நிறுத்திடட்டுமா?"

"வாய மூடுடி."

வேட்டிக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். தலையை ஒருமுறை அந்தப் பக்கம் சாய்த்தாள், ஒருமுறை இந்தப் பக்கம். கையை நீட்டித் துணியைத் தொட்டாள். விரல் கொழுக்கட்டையின் மேல் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது, துணி லேசாக ஆடியது, விரல் வாலோடு ஒட்டியே வேட்டியின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது.

"ஏண்டி விஜி."

"இன்னாக்கா?" எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"மார்க்கர் வெச்சியா?"

எனக்குப் புரியவில்லை.

"இத்தினி வருசம் எக்ஸ்ரே எடுத்து இன்னா பிரயோசனம்? வாலு பீச்சாங்கைப் பக்கம் இல்ல போவணும்? இது சோத்தாங்கைப் பக்கம் போவுது பாரு. படத்தத் திருப்பிப் போட்டு வெச்சிருக்க."

பார்த்தேன். வால் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த மென்பொருள் படத்தைச் சுற்றித் திறக்கவில்லை, தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரிக் கவிழ்த்துத் திறந்திருக்கிறது. நான் அதைச் சுற்றி நிமிர்த்தியதில் இடம் வலமாகிவிட்டது. இத்தனை நேரம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பழைய படங்களிலெல்லாம் அக்கா காட்டியது இடப்பக்கம். அவள் மனதில் இருந்த வாலும் இடப்பக்கம்தான். ஞாபகத்திலிருந்து சொல்லியிருந்தால் விரல் அங்கேதான் போயிருக்கும். வலப்பக்கம் போயிற்று என்றால் அவள் பார்க்கிறாள். நிஜமாகவே பார்க்கிறாள்.

நான் வாய்விட்டு அழுதேன். மாமா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, புரொஜெக்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "அய்யோ, கோயில் சாமானாச்சே," என்று பதறினார். அக்கா திரும்பவே இல்லை. காலண்டரைப் பார்த்தபடி, விரலை வாலின் நுனியில் வைத்தபடியே நின்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியிடம் போனேன். "இரு அக்கா, ஒரு நிமிஷம். திருப்பிச் சரியா போட்டுடறேன்."

"கை வெக்காதடி," என்றாள் அக்கா. "பாத்துக்கினு இருக்கேன் இல்ல."